கடைசி நான்கு விரற்கடை

நவம்பர். மாலை நான்கு மணிக்கே இருட்டிவிட்டது.
எஸ்தோனியாவின் தென்கோடியில், வோரு ஊரின் பழைய பால்பண்ணை;
பாலாடைக்கட்டி அடுக்கிவைத்த நிலவறையில்
இப்போது எங்கள் இரும்பு.
சுவரை எத்தனை முறை வெள்ளையடித்தாலும்
அந்தப் புளிப்பு போகவில்லை.

பெஞ்சில் மல்லாக்கப் படுக்கிறேன்.
வளைந்த பார், பக்கத்துக்கு ஏழரைக் கிலோ.
ஹாக்கிப் பையன்கள் நெஞ்சில் வைத்துத் தள்ளுவதில்
கால்வாசிகூட இல்லை.
ஆனாலும் அவர்களே வைத்த பெயர்:
மண்டை உடைப்பான்.
பலமாகப் போகிற தசையை விட்டுவிட்டு
உடையப் போகிற தலைக்கு ஒரு பெயர்.

தோள் அசையக் கூடாது.
மேல்கை தூண், முழங்கை கீல்.
முன்கை மட்டும் இறங்கலாம்,
பார் நெற்றியை மோந்து பார்க்கிற தூரம் வரை.
பிறகு ஏற்ற வேண்டும்.
சொல்ல ஒரு மூச்சு போதும்.
செய்யும்போதோ முழங்கைகள்
சண்டைக்கோழி இறக்கையாய் விரிகின்றன.
"உள்ளே," என்கிறாள் ரக்னே. "உள்ளே வை."

தலைமாட்டில் தலைகீழாகத் தெரிகிறாள்:
முகவாய் மேலே, கண்கள் கீழே,
மூக்கு நுனியில் ஜலதோஷச் சிவப்பு.
அவள் கைகள் பாருக்கு அடியில்,
தொடாமல்.

இதே ரக்னேதான் போன பிப்ரவரியில்
நாற்பதாவது கிலோமீட்டரில் என்னை முந்தினாள்.
கோல்களால் மட்டுமே போகிற பனிச்சறுக்கு அது;
பிடிமான மெழுகு பூசாத பலகைகள்,
கால்கள் வெறும் பயணிகள்.
உறைந்த ஏரிமேல் கடைசி இருநூறு மீட்டர்.
ஊன்று, தள்ளு. ஊன்று, தள்ளு.
என் கைகள் இடுப்போடு நின்றுவிட்டன.
அவள் கைகள் இடுப்பைத் தாண்டி
முதுகுக்குப் பின்னால் நேர்கோடாகிற வரை போயின.
காணொளியை நிறுத்தி நிறுத்திப் பதினேழு முறை பார்த்தேன்.
வித்தியாசம் மூச்சில் இல்லை, மெழுகில் இல்லை;
முழங்கை முழுதாய் நிமிர மிச்சமிருக்கும்
கடைசி நான்கு விரற்கடை.
ஒரு பூட்ஸ் நுனி அளவில் தோற்றேன்.

அந்த நான்கு விரற்கடைக்குச் சொந்தக்காரி
கைக்குப் பின்புறம் குடியிருக்கிறாள்.
கண்ணாடிமுன் நிற்பவர் யாரும்
அவளை விசாரிப்பதில்லை,
முத்தமெல்லாம் முன்பக்கத்து உருண்டைக்கே.
அவளுக்கு மூன்று தலை, ஒரே வேலை:
மடங்கியதை நிமிர்த்துவது.

எட்டு.
ஒன்பது.
பத்தாவதில் பார் பாதியில் நிற்கிறது.
நெற்றிக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு சாண்.
பிறகு அரைச் சாண்.
ரக்னே எடுக்கவில்லை.
நான் அவள் கண்ணைப் பார்க்கிறேன்,
அவள் என் முழங்கையைப் பார்க்கிறாள்.
வெட்கமே இல்லாமல் ஓர் எண்ணம் எட்டிப் பார்த்தது:
இந்தக் குளிர்காலத்தில் ஒருத்தி குறைந்தால்
இவளுக்கு நல்லதுதானே.

அப்போது வந்தன
இரண்டே இரண்டு ஆட்காட்டி விரல்கள்,
பூனைக்குட்டியைக் கீழிருந்து ஏந்துவதுபோல.
எடையை அவள் வாங்கிக்கொள்ளவில்லை.
ஓர் இழை குறைத்து
மீதியை என்னிடமே விட்டாள்.
ஏறுகிறது.
கோணலாக, இடது முந்தி வலது பிந்தி
ஏறுகிறது.
கதவடியில் சிக்கிய கம்பளம்போல்
ஓரிடத்தில் மாட்டி,
பிறகு

நிமிர்ந்தது.

"பத்து," என்றாள்.
"ஒன்பதே முக்கால்," என்றேன்.
"அப்போ இன்னொன்று."

இடம் மாறுகிறோம்.
என் வியர்வைமேல் தன் துண்டை விரித்துப் படுக்கிறாள்.
பக்கத்துக்கு இரண்டரைக் கிலோ கூடுதல்.
புருவத்துக்கு மேல் அவளுக்கு ஒரு பழைய தழும்பு;
இத்தனை வருஷத்தில் இன்றுதான் பார்க்கிறேன்.
எட்டாவதிலேயே இவள் நிற்கட்டும் என்கிறது
மனசு.
விரல்கள் ஏற்கெனவே
பாருக்கு அடியில் போய்விட்டன.